பிறர் கையில் தபால் ஓட்டு: அமெரிக்காவில் வாக்குச்சீட்டுச் சேகரிப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் தபாலில் ஓட்டுப் போடுகிறவர், நிரப்பி ஒட்டிய உறையைத் தானே கொண்டுபோய்ச் சேர்க்க முடியாதபோது இன்னொருவரிடம் கொடுத்தனுப்பலாமா? மகனிடம் கொடுக்கலாம் என்றால் பக்கத்து வீட்டுக்காரரிடம்? கதவைத் தட்டி வரும் கட்சித் தொண்டரிடம்? செய்திகளில் 'பேலட் ஹார்வெஸ்டிங்' என்று அடிபடும் சர்ச்சை இதுதான். மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. சட்டமன்றமும் நீதிமன்றமும் அதை அடிக்கடி மாற்றுகின்றன. ஆகவே கீழே உள்ளதைப் படித்தாலும், உறையைப் பிறரிடம் கொடுக்கும் முன் உங்கள் கவுண்டி (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற பிரிவு) தேர்தல் அலுவலகத்தின் இணையதளத்தில் நடப்பு விதியை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

தபால் ஓட்டு வீட்டுக்கு வந்தது முதல் எண்ணப்படும் வரை என்ன நடக்கிறது?

தேர்தல் அலுவலகம் அனுப்பும் கட்டில் வாக்குச்சீட்டு, விளக்கத்தாள், திருப்பி அனுப்பும் உறை ஆகியவை இருக்கும். பென்சில்வேனியா போன்ற சில மாநிலங்களில் ரகசிய உறை என்று இன்னொன்றும் உண்டு. சீட்டை முதலில் அதற்குள் வைத்து ஒட்டி, பிறகுதான் திருப்பி அனுப்பும் உறைக்குள் வைக்க வேண்டும். ரகசிய உறை இல்லாமல் வந்த சீட்டை எண்ணக் கூடாது என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் 2020-இல் சொல்லிவிட்டது.

வெளி உறையில் வாக்காளர் கையெழுத்திட வேண்டும். சில மாநிலங்கள் தேதியும் கேட்கும், சில சாட்சிக் கையெழுத்தும் கேட்கும். உறை மேல் உள்ள பார்கோடு இது யாருடைய உறை என்பதை மட்டும் சொல்லும், யாருக்கு ஓட்டு என்பதைச் சொல்லாது. அலுவலகத்தில் பார்கோடைப் படித்து, கையெழுத்தையோ மற்ற விவரங்களையோ ஒப்பிட்டு, சரி என்றால் உறையைப் பிரித்துச் சீட்டைத் தனியே எடுப்பார்கள். அதன்பின் எந்தச் சீட்டு எந்த உறையிலிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

ரகசியம் காக்க இப்படிச் செய்வது அவசியம். ஆனால் இதற்கு ஒரு விலையும் உண்டு: கெட்ட உறை ஒன்று சோதனையைத் தாண்டிவிட்டால், அதன் சீட்டை மட்டும் திரும்பப் பொறுக்கியெடுக்க வழியில்லை. முறைகேடு நிரூபணமான இடங்களில் நீதிமன்றங்கள் சில ஓட்டுகளைக் கழிப்பதற்குப் பதிலாக முழுத் தேர்தலையே மறுபடி நடத்தச் சொல்வது இதனால்தான்.

தபாலில் போடும் உறையை இன்னொருவரிடம் ஏன் கொடுக்க வேண்டும்? தபால் பெட்டியில் போட்டால் போதாதா?

பெரும்பாலோருக்குப் போதும். போதாதவர்கள் யார் என்பதுதான் விஷயம். படுக்கையில் இருப்பவர்கள், முதியோர் இல்லவாசிகள், வண்டி ஓட்ட முடியாதவர்கள், இரண்டு வேலை பார்ப்பவர்கள். இன்னொரு கூட்டம், கடைசி நேரத்தில் முடிவெடுப்பவர்கள். தேர்தலுக்குக் குறைந்தது ஒரு வாரம் முன்பே தபாலில் சேர்த்துவிடுங்கள் என்று அமெரிக்க அஞ்சல் துறை சொல்கிறது. அரிசோனா, புளோரிடா போன்ற மாநிலங்களில் தேர்தல் நாளன்று மாலை 7 மணிக்குள் உறை அலுவலகத்தின் கையில் இருந்தாக வேண்டும். தபால் முத்திரைத் தேதி அங்கே உதவாது. அந்தக் கடைசி வாரத்தில் சீட்டை நிரப்பியவருக்கு, தானே போவது அல்லது யாரையாவது அனுப்புவது என்ற இரண்டு வழிகள்தான் மிச்சம்.

பழங்குடியினர் வாழும் பகுதிகள் இந்தச் சர்ச்சையில் ஏன் இவ்வளவு பேசப்படுகின்றன?

அரிசோனாவின் நவாஹோ நிலப்பகுதி போன்ற இடங்களில் வீடு தேடித் தபால் வருவதே அரிது. வீதிப் பெயர், கதவு எண் இல்லாத வீடுகள் ஏராளம். வாரத்துக்கு ஒருமுறையோ இரண்டு முறையோ பல மைல் ஓட்டிப்போய்த் தபால் நிலையப் பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள். ஒரு பெட்டியைப் பல குடும்பங்கள் பகிர்ந்துகொள்வதும் உண்டு. அரிசோனாவின் கிராமப்புறக் கவுண்டிகளில் வெள்ளையர்களில் 86 விழுக்காட்டினருக்கு வீட்டுக்கே தபால் வருகிறது, பழங்குடியினரில் 18 விழுக்காட்டினருக்குத்தான் வருகிறது என்ற கணக்கை அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி எலனா கேகன், அரிசோனாவின் சேகரிப்புத் தடை பற்றிய வழக்கில் 2021-இல் தம் மாறுபட்ட தீர்ப்பில் எடுத்துக்காட்டினார். அங்கே ஊருக்குப் போகும் ஒருவர் நாலு வீட்டுத் தபாலையும் சேர்த்து எடுத்துப் போவது அன்றாட வழக்கம். தலைநகரில் உட்கார்ந்து எழுதிய சட்டம் அந்த வழக்கத்தைக் குற்றமாக்கிவிடுகிறது.

மொன்டானாவில் 2018-இல் ஒருவர் ஆறு உறைகளுக்கு மேல் கொண்டுபோகக் கூடாது என்று சட்டம் வந்தது. இதே காரணத்தால் 2020-இல் அம்மாநில நீதிமன்றங்கள் அதை ரத்து செய்தன.

எந்த மாநிலத்தில் யார் கொண்டுபோகலாம்?

ஐம்பது மாநிலங்களையும் இங்கே அடுக்க முடியாது. வகைக்கு ஒன்றிரண்டு பார்த்தால் போதும்.

கலிபோர்னியா தாராளமானது. 2016-இல் இயற்றிய சட்டத்தின்படி வாக்காளர் யாரை வேண்டுமானாலும் நியமிக்கலாம். எண்ணிக்கை வரம்பு இல்லை. வாங்கியவர் மூன்று நாளுக்குள் அல்லது வாக்குப்பதிவு முடிவதற்குள், எது முந்தியதோ அதற்குள், ஒப்படைக்க வேண்டும். உறைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கக் கூடாது. நெவாடாவும் வாக்காளர் கேட்டுக்கொண்ட யாரையும் அனுமதிக்கிறது.

நடுவில் எண்ணிக்கை வரம்பு வைத்த மாநிலங்கள் இருக்கின்றன. கொலராடோவில் ஒருவர் 10 உறைகள் வரை கொண்டுபோகலாம். மின்னசோட்டாவிலும் நியூ ஜெர்சியிலும் 3. நியூ ஜெர்சியில் ஒரே வீட்டில் வாழும் நெருங்கிய குடும்பத்தினருடையது என்றால் 5. புளோரிடாவில் தன்னுடையதும் நெருங்கிய குடும்பத்தினருடையதும் போக இரண்டே இரண்டு.

உறவு முறையைப் பார்க்கும் மாநிலங்கள் அடுத்த வகை. அரிசோனாவில் குடும்பத்தினர், ஒரே வீட்டில் வாழ்பவர், பராமரிப்பாளர் ஆகியோர் மட்டும். வட கரோலினாவில் நெருங்கிய உறவினர் அல்லது சட்டப்படியான காப்பாளர். அங்கே யாரெல்லாம் நெருங்கிய உறவு என்பதையும் சட்டமே பட்டியல் போட்டிருக்கிறது: கணவன் மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள், மாமனார் மாமியார், மருமகன் மருமகள், மாற்றாந்தாய், மாற்றாந்தந்தை, கணவன் அல்லது மனைவியின் முந்தைய உறவில் பிறந்த பிள்ளைகள். நம்மவர்கள் கவனிக்க வேண்டியது: சித்தப்பா, அத்தை, அண்ணன் மகன் அந்தப் பட்டியலில் இல்லை. நமக்கு நெருங்கிய சொந்தம், அந்தச் சட்டத்துக்கு வெளியாள்.

பென்சில்வேனியா கடுமையானது. மாற்றுத்திறனாளி ஒருவர் எழுத்துமூலம் நியமித்தாலன்றி, அவரவர் உறையை அவரவரே சேர்க்க வேண்டும். மனைவியின் உறையைக் கணவன் பெட்டியில் போடுவதுகூட அங்கே விதிமீறல்தான்.

முறைகேடு உண்மையில் எந்த இடத்தில் நுழைகிறது?

எதிர்ப்பவர்களும் ஆதரிப்பவர்களும் 'உறையைக் கொண்டுபோவது' என்ற ஒரு செயலைப் பற்றியே சண்டை போடுகிறார்கள். நிரூபணமான வழக்குகளைப் படித்தால், கொண்டுபோகும் தூரத்தில் நடந்தது குறைவு. அதற்கு முன்பே, வாக்காளர் வீட்டு வாசலிலேயே காரியம் கெட்டுவிடுகிறது.

முதல் இடம் விண்ணப்பம். தபால் ஓட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டிய மாநிலங்களில், ஒருவர் வீடு வீடாகப் போய் விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பார். அதோடு யார் யாருக்கு எப்போது சீட்டு வரும் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். இரண்டாவது, சீட்டு வந்து இறங்கும் நாள். அடுக்குமாடிக் குடியிருப்பில் பூட்டில்லாத தபால் பெட்டிகள் இருந்தால் திருடுவது எளிது. மூன்றாவது, நிரப்பும் நேரம். உதவி செய்கிறேன் என்று பக்கத்தில் உட்கார்ந்து கையை வழிநடத்துவது. வாக்குச்சாவடியில் மறைப்பு இருக்கிறது, சாப்பாட்டு மேசையில் இல்லை. நான்காவது, ஒட்டாத உறையை வாங்கிக்கொண்டு போவது. உள்ளே வெற்றாக விட்ட இடங்களை நிரப்பலாம். பிடிக்காத ஓட்டு என்றால் இரண்டாவது வட்டத்தையும் கறுத்து அந்தப் பதவிக்கான ஓட்டைச் செல்லாததாக்கலாம். ஐந்தாவது, கொண்டுபோகாமலே விட்டுவிடுவது. எதிர்க்கட்சிக்கு வலுவான தெருவில் பத்து உறைகளை வாங்கிக் குப்பையில் போட்டால், கையெழுத்தை ஒப்பிடுகிறவரால் எதுவும் கண்டுபிடிக்க முடியாது. அவர் மேசைக்கு அந்த உறை வரவே இல்லையே.

இந்த ஐந்தில் கடைசி இரண்டைத்தான் சேகரிப்புத் தடைச் சட்டம் நேரடியாகத் தொடுகிறது. மற்ற மூன்றுக்கும் வேறு மருந்து வேண்டும்.

வட கரோலினாவில் 2018-இல் என்ன நடந்தது?

ஒன்பதாவது நாடாளுமன்றத் தொகுதியில் குடியரசுக் கட்சியின் மார்க் ஹாரிஸ், ஜனநாயகக் கட்சியின் டான் மெக்ரெடியை 905 ஓட்டுகளில் முந்தினார். மாநிலத் தேர்தல் வாரியம் முடிவைச் சான்றளிக்க மறுத்தது. பிளேடன் கவுண்டியில் திரும்பி வந்த தபால் ஓட்டுகளில் குடியரசுக் கட்சியினராகப் பதிந்தவர்கள் அனுப்பியவை 19 விழுக்காடு மட்டுமே. ஆனால் ஹாரிஸுக்கு விழுந்தவை 61 விழுக்காடு. பக்கத்து ராப்சன் கவுண்டியில் அனுப்பிய சீட்டுகளில் திரும்பி வராதவை வழக்கத்துக்கு மாறாக அதிகம். உறைகளைப் புரட்டியபோது அதே சில பேர் டஜன் கணக்கில் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஒரே கட்சிக்குத் தபால் ஓட்டு குவிவதில் தவறில்லை. இந்த மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்து வந்ததுதான் சந்தேகத்தைக் கிளப்பியது.

2019 பிப்ரவரியில் நடந்த விசாரணையில் முறை வெளியே வந்தது. லெஸ்லி மெக்ரே டவுலெஸ் என்ற உள்ளூர் அரசியல் தரகர் ஆட்களைக் கூலிக்கு அமர்த்தினார். விண்ணப்பங்களுக்கும், சேகரித்த சீட்டுகளுக்கும் ஐம்பது ஐம்பதாகக் கணக்கு வைத்துப் பணம் கொடுத்தார். மாட்டிக்கொள்ளாமல் இருக்க அவர் சொல்லிக்கொடுத்தவை என்று சாட்சிகள் கூறியவை கவனத்துக்குரியவை: சிறு சிறு கட்டாகத் தபாலில் சேர், வாக்காளர் வீட்டுக்குப் பக்கத்துத் தபால் நிலையத்திலேயே சேர், சாட்சிக் கையெழுத்துக்கு வாக்காளர் பயன்படுத்திய அதே நிற மை போடு, தபால்தலையைக் கோணலாக ஒட்டாதே. வெற்றாக விட்ட இடங்களைத் தான் நிரப்பியதாக ஒரு சாட்சி ஒப்புக்கொண்டார்.

இந்த விசாரணையின் இறுதியில் ஹாரிஸே மறுதேர்தல் வேண்டும் என்றார். வாரியம் ஒருமனதாக ஆணையிட்டது. 2019 செப்டம்பர் 10 அன்று மறுபடி தேர்தல் நடந்தது. டவுலெஸ் வழக்கு விசாரணைக்கு வரும் முன்பே 2022-இல் இறந்துபோனார்.

இதை இரண்டு தரப்பும் தங்களுக்குச் சாதகமாகச் சொல்வார்கள். 'பார்த்தீர்களா, சேகரிக்க விட்டால் இப்படித்தான்' என்பது ஒன்று. 'வட கரோலினாவில் சேகரிப்பு ஏற்கெனவே சட்டவிரோதம். தடை இருந்தும் நடந்தது' என்பது இன்னொன்று. இரண்டும் உண்மை. தடை அவரைத் தடுக்கவில்லை. ஆனால் தடை இருந்ததால்தான், கள்ள ஓட்டை ஒவ்வொன்றாக நிரூபிக்காமலே, வாங்கிப்போனதையே குற்றமாகக் காட்ட முடிந்தது.

இது ஒரு கட்சியின் பழக்கமா?

இல்லை. மேலே சொன்னது குடியரசுக் கட்சி வேட்பாளருக்காக வேலை செய்தவர். கனெடிகட்டின் பிரிட்ஜ்போர்ட் நகரில் 2023 செப்டம்பரில் நடந்தது ஜனநாயகக் கட்சியின் மேயர் பிரைமரி, அதாவது கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல். ஒருவரே திரும்பத் திரும்ப வந்து உறைகளைப் பெட்டியில் போடுவது கண்காணிப்புக் கேமராவில் பதிவானது. வித்தியாசம் 251 ஓட்டு. நீதிபதி மறு பிரைமரிக்கு உத்தரவிட்டார். 2024 ஜனவரியில் அது நடந்தது. நியூ ஜெர்சியின் பேட்டர்சனில் 2020 மே மாதம் கட்சிச் சின்னமில்லாத நகரமன்றத் தேர்தல். கட்டுக்கட்டாகச் சீட்டுகள் ஒரே தபால் பெட்டியில் கிடைத்தன, வந்தவற்றில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தள்ளுபடியாயின, ஒரு வார்டுக்கு மறுதேர்தல் ஆணையிடப்பட்டது.

நிரூபணமானவை பெரும்பாலும் உள்ளூர்த் தேர்தல்களே. கொஞ்சம் பேர் ஓட்டுப் போடும், சில நூறு ஓட்டில் முடிவாகும் தேர்தலில்தான் ஐம்பது உறைக்கு மதிப்பு. ஒரு மாநிலம் முழுதும் அதிபர் தேர்தலை இப்படிப் புரட்ட ஆயிரக்கணக்கான வீட்டு வாசல்களும் நூற்றுக்கணக்கான வாய்களும் வேண்டும். வாய் மூடி இருக்காது. கலிபோர்னியாவில் 2018-இல் ஆரஞ்சு கவுண்டியின் நாடாளுமன்ற இடங்களையெல்லாம் குடியரசுக் கட்சி இழந்தபோது சேகரிப்பின் மீது பழி போட்டார்கள். சட்டம் அனுமதித்த ஒன்றை ஒரு கட்சி நன்றாகப் பயன்படுத்தியது என்பதற்கு மேல் எதுவும் நிரூபணமாகவில்லை. அடுத்த தேர்தலில் மற்றக் கட்சியும் சேகரிக்க இறங்கிவிட்டது.

கையெழுத்து ஒப்பிடுகிறார்களே, அதுவே பிடித்துவிடாதா?

அது ஆள்மாறாட்டத்தைப் பிடிக்கும், வற்புறுத்தலைப் பிடிக்காது. மிரட்டி வாங்கினாலும் கையெழுத்து வாக்காளருடையதுதான். போதாக்குறைக்கு, ஒப்பிடுவதிலேயே பிழை வரும்: வயதானவர் கை நடுக்கம், பக்கவாதத்துக்குப் பின் மாறிய எழுத்து, ஓட்டுநர் உரிம அலுவலகத்தின் மின்திரையில் கிறுக்கிய மாதிரி. ஆகவே பல மாநிலங்கள், பொருந்தாத உறைக்காரரைக் கூப்பிட்டுச் சரிசெய்ய அவகாசம் தருகின்றன. உறையில் தொலைபேசி எண் கேட்டால் எழுதிவிடுங்கள், அது இதற்காகத்தான்.

உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது?

அரிசோனா 2016-இல் பிறர் உறையைச் சேகரிப்பதைப் பெருங்குற்றமாக்கியது. ஓட்டுப் போடுவதில் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் கூட்டாட்சி வாக்குரிமைச் சட்டத்தின் இரண்டாம் பிரிவுக்கு இது முரண், சிறுபான்மையினரையே அதிகம் பாதிக்கிறது என்று வழக்கு. ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020-இல் சட்டத்தை ரத்து செய்தது. 2021 ஜூலை 1 அன்று பிர்னோவிச் வழக்கு என்று அறியப்படும் இதில் உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் அதை மீட்டது. ஓட்டுப் போடுவதில் வழக்கமாக இருக்கும் சிறு சிரமம் போதிய காரணமல்ல என்றும், முறைகேடு நடந்தபின் நடவடிக்கை எடுக்க மாநிலம் காத்திருக்கத் தேவையில்லை என்றும் நீதிபதி சாமுவேல் அலிட்டோ எழுதினார். தடை விதிக்கலாம் என்றுதான் தீர்ப்பு. விதிக்க வேண்டும் என்றல்ல. அதனால்தான் கலிபோர்னியாவின் சட்டமும் அப்படியே நிற்கிறது.

அந்த அரிசோனாச் சட்டத்தின் கீழ், 2020 பிரைமரியில் நான்கு உறைகளைக் கையாண்டதற்காக சான் லூயிஸ் என்ற சிற்றூரின் முன்னாள் மேயருக்கு 30 நாள் சிறையும் நன்னடத்தைக் கண்காணிப்பும் கிடைத்தன. நான்கு உறைகள்தான். அந்த ஊரில் வீட்டுக்கு வீடு தபால் விநியோகம் இல்லை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

கண் தெரியாதவர், எழுதப் படிக்கத் தெரியாதவர் என்ன செய்வார்?

வாக்குரிமைச் சட்டத்தின் 208-ஆம் பிரிவு 1982 முதல் இவர்களுக்குத் தங்களுக்குப் பிடித்த ஒருவரின் உதவியைப் பெறும் உரிமை தருகிறது. பார்வையின்மை, உடற்குறை, எழுத்தறிவின்மை ஆகிய மூன்றும் அதில் அடங்கும். உதவியாளராக வரக் கூடாதவர்கள் இருவர்: வாக்காளரின் முதலாளி அல்லது அவர் ஆள், வாக்காளரின் தொழிற்சங்க நிர்வாகி அல்லது ஆள். இது கூட்டாட்சிச் சட்டம் என்பதால் மாநிலத் தடை இதோடு மோதும்போது நீதிமன்றம் போகிறார்கள். பல மாநிலங்களில் தடைச் சட்டத்தின் ஒரு துண்டு இதனால் வெட்டப்பட்டிருக்கிறது.

சேகரிப்பவருக்குச் சம்பளம் கொடுக்கலாமா?

எப்படிக் கொடுக்கிறார்கள் என்பதைப் பாருங்கள். உறைக்கு இவ்வளவு என்றால், தயங்கும் வாக்காளரை விட்டுவிட்டு வர சேகரிப்பவருக்கு மனம் வராது. 'உறையை ஒட்டிவிட்டீர்களா' என்று கேட்பதை விட 'கொடுங்கள்' என்பதே லாபம். மணிக்கூலியில் அந்த அழுத்தம் குறைவு, ஆனால் நாளுக்கு இத்தனை என்று இலக்கு வைத்தால் அதுவும் உறைக் கூலியின் வேறு உருவம்தான். வாக்காளருக்குப் பணம் கொடுப்பது தனிக் குற்றம். கூட்டாட்சித் தேர்தலில் ஓட்டுக்குப் பணம் தந்தாலும் வாங்கினாலும் 10,000 டாலர் வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை.

எண்ணிக்கை வரம்பு பயன் தருமா?

தனியாக வைத்தால் பெரிதாகப் பயனில்லை. மூன்று என்று வரம்பு வைத்தால் அமைப்பாகச் செய்பவர் முப்பது பேரை மூன்று மூன்றாக அனுப்புவார். கொண்டுவந்தவர் பெயரை உறையில் எழுதினால்தான் வரம்பை மீறியதே தெரியும். அந்த வரியை நிரப்பாத உறையை என்ன செய்வது என்பது அடுத்த சிக்கல். தள்ளினால் ஒன்றும் அறியாத வாக்காளரின் ஓட்டுப் போகிறது. ஏற்றால் யாரும் எழுதமாட்டார்கள். கலிபோர்னியா ஏற்கிறது.

தெருவுக்குத் தெரு டிராப் பாக்ஸ் (தபால் ஓட்டு உறையைப் போடும் தேர்தல் அலுவலகப் பெட்டி) வைத்தால் பிரச்சினை தீராதா?

பாதி தீரும். வாக்காளர் வீட்டுக்குப் பக்கத்தில் இருபத்து நான்கு மணி நேரமும் பெட்டி இருந்தால் இடைத்தரகருக்கு வேலை குறையும். பெட்டி இரும்பில் இருக்க வேண்டும், தரையோடு பொருத்தியிருக்க வேண்டும், வாய் உறை நுழையும் அளவுக்கு மட்டுமே இருக்க வேண்டும், கேமரா பார்க்க வேண்டும், இருவர் சேர்ந்து வந்து முத்திரை எண்ணைக் குறித்துத் திறக்க வேண்டும்.

போலிப் பெட்டியும் வரும். 2020 அக்டோபரில் கலிபோர்னியா குடியரசுக் கட்சி தானே பெட்டிகள் வைத்தது. சிலவற்றில் 'அதிகாரபூர்வம்' என்று எழுதியிருந்தது. மாநில அரசு நிறுத்தச் சொல்லி அறிவிக்கை அனுப்பியது. யாரும் சேகரிக்கலாம் என்றால் பெட்டி வைத்துச் சேகரித்தால் என்ன என்று கட்சி கேட்டது. கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் வாக்காளர் ஒரு ஆளை அறிந்து நியமிப்பதும், யாருடையது என்று தெரியாத பெட்டியில் போடுவதும் ஒன்றல்ல.

பிற நாடுகளில்?

பிரான்ஸ், தன் கார்சிகா தீவில் நடந்த முறைகேடுகளுக்குப் பின் 1975-இல் தபால் ஓட்டையே ஒழித்துவிட்டு, பதிலாள் மூலம் வாக்களிக்கும் முறைக்குப் போனது. பிரிட்டனில் 2004 பர்மிங்காம் உள்ளாட்சித் தேர்தல் தபால் ஓட்டு மோசடி பெரிய அவமானம். 2022 தேர்தல் சட்டத்தின்படி, அரசியல் பிரசாரகர்கள் தங்களுடையதும் நெருங்கிய குடும்பத்தினருடையதும் தாங்கள் பராமரிப்பவருடையதும் தவிரப் பிறர் தபால் ஓட்டைத் தொடவே கூடாது. மற்றவர்கள் தங்களுடையதோடு ஐந்து வரை ஒப்படைக்கலாம், அதற்கும் படிவம் நிரப்ப வேண்டும். 2024 மே முதல் இது நடைமுறையில் உள்ளது.

இந்தியா தலைகீழாகச் செய்கிறது: உறை அலுவலகத்துக்குப் போவதில்லை, அலுவலர்கள் வீட்டுக்கு வருகிறார்கள். 85 வயது கடந்தவர்களும் 40 விழுக்காட்டுக்குக் குறையாத உடற்குறை உள்ளவர்களும் வீட்டிலிருந்தே ஓட்டுப் போட விண்ணப்பிக்கும் 12டி படிவம் கொடுத்தால், வாக்குப்பதிவுக் குழு வீடியோ பதிவோடு வந்து ஓட்டு வாங்கிச் செல்லும். வேட்பாளரின் முகவர்கள் உடன் வரலாம். தேர்தல் பணியில் உள்ள ஊழியர்கள் தபால் ஓட்டை வீட்டுக்கு எடுத்துப் போகாமல், வசதி மையத்திலேயே போட வேண்டும் என்று 2023-இல் விதி திருத்தப்பட்டது.

அப்படியானால் அனுமதிக்கலாமா, கூடாதா?

வீட்டார், உறவினர், பராமரிப்பாளர் ஆகியோருக்கு எந்த மாநிலமும் தடை போட வேண்டியதில்லை. பென்சில்வேனியாவில் மனைவியின் உறையைப் போட்ட கணவனால் தேர்தலுக்கு என்ன கெடுதல் வந்துவிடும்? அண்டை வீட்டார், நண்பர் போன்றோருக்குச் சிறு வரம்போடும் பெயர்ப் பதிவோடும் விடலாம். வேட்பாளர், அவருடைய ஊழியர், கட்சிக் கூலியாட்கள் ஆகியோரைத் தடுப்பதே சரி. முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டரும் முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரும் தலைமை தாங்கிய இருகட்சி ஆணையம் 2005-இலேயே, வேட்பாளர்களும் கட்சிச் செயற்பாட்டாளர்களும் தபால் ஓட்டைக் கையாளக் கூடாது என்று பரிந்துரைத்தது. பிரிட்டனும் அங்கேதான் வந்து சேர்ந்திருக்கிறது.

இதற்கு எதிர்வாதம் வலுவானது: கட்சித் தொண்டரைத் தவிர வேறு யாரும் தட்டாத கதவுகள் இருக்கின்றன. ஏழைக் குடியிருப்புகளிலும் பழங்குடிப் பகுதிகளிலும் தொண்டரை நிறுத்தினால் அந்த ஓட்டே வராது. ஆகவே தடை போடும் மாநிலம் அந்த இடத்தைத் தானே நிரப்ப வேண்டும்: நடமாடும் வாக்கு வண்டி, முதியோர் இல்லத்துக்கு இரு கட்சியைச் சேர்ந்த அலுவலர் இணை, போதிய பெட்டிகள். தடையை மட்டும் நிறைவேற்றிவிட்டு இவற்றுக்குப் பணம் ஒதுக்காத சட்டமன்றம் தேர்தலைப் பாதுகாக்கிறது என்று நம்ப முடியவில்லை.

என் உறையை ஒருவரிடம் கொடுக்க வேண்டியிருக்கிறது. எப்படிக் கொடுப்பது?

தனியாக உட்கார்ந்து நிரப்புங்கள். ஓட்டுப் போட விரும்பாத பதவிகள் இருந்தால் வெற்றாகவே விடலாம். ஆனால் உறையை நீங்களே ஒட்டுங்கள். ரகசிய உறை இருந்தால் அதை மறக்க வேண்டாம். வெளி உறையில் கையெழுத்து, தேதி, கேட்கும் எண்கள் எல்லாவற்றையும் நிரப்பியபின்தான் அடுத்தவர் கைக்குப் போக வேண்டும். கொண்டுபோகிறவருக்கான வரிகளை உங்கள் கண்முன்னே அவரே நிரப்பிக் கையெழுத்திடட்டும். உறையின் வெளிப்புறத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நிரப்பிய சீட்டைப் படம் எடுப்பது சில மாநிலங்களில் குற்றம், அதைச் செய்யாதீர்கள்.

வாசலுக்கு வந்த அறிமுகமில்லாதவர் கேட்டால், 'நானே போட்டுக்கொள்கிறேன்' என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஒட்டாமல் கொடுங்கள், நாங்கள் சரிபார்க்கிறோம் என்று ஒருவர் சொன்னால் கதவைச் சாத்திவிட்டுத் தேர்தல் அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்யுங்கள்.

நான் இன்னொருவருடையதைக் கொண்டுபோகிறேன். எதில் மாட்டிக்கொள்வேன்?

நல்லெண்ணத்தில் செய்பவர்கள் தவறுவது மூன்று இடங்களில். மாநில விதி மாறியது தெரியாமல் போன தேர்தல் மாதிரியே செய்வது. வரம்பு எண்ணில் தன் உறை சேருமா சேராதா என்று பார்க்காதது. காரில் வைத்துவிட்டு மறப்பது. வாங்கிய அன்றே போட்டுவிடுங்கள். அலுவலக முகப்பில் நேரில் ஒப்படைத்தால் பெட்டியைவிட நல்லது. ஏதேனும் வரி விடுபட்டிருந்தால் அங்கேயே சொல்வார்கள்.

கொடுத்த உறை போய்ச் சேர்ந்ததா என்று எப்படித் தெரியும்? சேராவிட்டால்?

பெரும்பாலான மாநிலங்களின் தேர்தல் இணையதளத்தில் பெயரும் பிறந்த தேதியும் கொடுத்துத் தேடலாம். குறுஞ்செய்தி அறிவிப்புக்குப் பதிவு செய்தால், உறை வந்ததும் ஏற்கப்பட்டதும் தனித்தனியே தெரியவரும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். 'வந்தது' என்று காட்டிய உறை கையெழுத்துக் காரணமாகப் பிறகு தள்ளப்படலாம்.

ஓரிரு நாளில் 'வந்தது' என்று காட்டவில்லை என்றால் கொண்டுபோனவரைக் கேளுங்கள். பதில் திருப்தியில்லை என்றால் அலுவலகத்தில் சொல்லிப் பழைய சீட்டை ரத்து செய்து புதியது வாங்கலாம். பழைய உறை பின்னால் வந்து சேர்ந்தாலும் பார்கோடு அதை நிறுத்திவிடும். நேரம் தாண்டிவிட்டால் தேர்தல் நாளன்று வாக்குச்சாவடிக்கே போய்த் தற்காலிக வாக்குச்சீட்டு கேளுங்கள். தபால் உறை வரவில்லை என்று உறுதியானபின் அதை எண்ணுவார்கள். அங்கே தரும் ரசீது எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொண்டால், எண்ணினார்களா இல்லையா என்பதையும் பிறகு பார்க்கலாம்.